மணல் குழியில் ஒரு தடம்

நீளம் தாண்டுதலில் இருபது சாம்பியன்களை உருவாக்கியவர் என்று கோச் அருமைநாயகத்துக்கு விருது கொடுக்க ஒரு குழு மைதானத்துக்கே வந்தது. புது சாம்பியன் ஜெபராணியோ, "எனக்குச் சொல்லிக் கொடுத்தது குழி மணலை வாரிச் சமப்படுத்துற செங்கமலம் அக்காதான்" என்று போட்டு உடைத்துவிட்டாள்.

குழியோரம் நின்ற செங்கமலத்தைக் காட்டிக் கோச் சிரித்தார். "மணல்ல விழுந்த தடத்தைப் பார்த்தே தாண்டினவ ஜாதகத்தைச் சொல்லுவேன். இவ சொல்லுவாளா?"

"முதல்ல நீங்க இந்தத் தடத்தைச் சொல்லுங்க சார்," என்று மணலில் இருந்த ஒரு தடத்தைக் காட்டினாள் செங்கமலம்.

கோச் குனிந்து பார்த்தார். "ஜெபராணிதான். நல்ல வேகம், இடது கால் உந்தல். நான் அஞ்சு வருஷமா பழக்கின கால்."

"இன்னிக்கு யாருமே தாண்டலைங்க சார். நான்தான் உள்ளே நடந்துபோய்க் குதிகாலை அழுத்தி வச்சேன். நடந்த தடத்தை வாரி அழிச்சிட்டேன்."

கோச் மெல்லத் திரும்பிப் பார்த்தார். ஜெபராணி அப்போதுதான் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள்.