நூறு பந்துக்கு எழுபது

லில்லி புஷ்பம் தூத்துக்குடியில் ஒரு பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியாளர். அவரிடம் பயிற்சி முறை கற்றுக்கொள்ள வந்த குணபாலன் அவரைவிடப் பெரியவர், கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவர். ஆட்டத்தின் மேல் உள்ள ஆசையில், வகுப்பு முடிந்ததும் நேராக மைதானத்துக்கு வந்துவிடுவார். பந்து பொறுக்கிப் போடுவார். ஆட்டங்களைப் படம் பிடிப்பார். வீட்டுக்குப் போய்க் கணக்குப் போடுவார்.

அந்த வருடம் ஒரு வங்கி அணி, தேர்வுக்கு ஒரு பெண்ணை அனுப்பும்படி கேட்டிருந்தது. தேறினால் நிரந்தர வேலை. ஆன்சியா, இசக்கியம்மாளா என்று லில்லி யோசித்துக்கொண்டிருந்தார்.

குணபாலன் மடிக்கணினியைத் திறந்து வைத்தார்.

"மேடம், இதுல யோசிக்கவே வேண்டாம். ஆன்சி கையில முடியிற நூறு பந்துக்கு நூத்திப் பதினெட்டு புள்ளி வருது. இசக்கிக்கு எழுபது."

"எழுபதா?"

"எழுபதுதான். நம்ம அணியிலயே கடைசி. அவ இல்லாம ஆடினா இன்னும் நல்லா ஆடுவோம்."

"தவறவிட்ட பந்தெல்லாம் சேர்த்தீங்களா?"

"சேர்த்திருக்கேன். ஃப்ரீ த்ரோவும் சேர்த்திருக்கேன்."

லில்லி ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். தவறு எதுவும் இல்லை.

"கணக்கு சரியாத்தான் இருக்கு. சனிக்கிழமை இசக்கி வெளிய உட்காரட்டும். ஆட்டத்தை நீங்களே நடத்துங்க சார்."

"நானா?"

"நான் பக்கத்துல இருக்கேன்."

இசக்கியிடம் குணபாலனே போய்ச் சொன்னார். அவள், "சரி சார்" என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை மதுரையிலிருந்து வந்த அணியோடு ஆட்டம். முதல் சில நிமிடங்கள் எல்லாம் நினைத்தபடியே நடந்தது. ஆன்சி எறிந்ததெல்லாம் விழுந்தது. குணபாலன் திரும்பி லில்லியைப் பார்த்தார். லில்லி கூடைக்கு மேலே ஓடும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பந்து கைக்கு வந்தால் இருபத்து நாலு செகண்டுக்குள் கூடைக்கு எறிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

மதுரைக்காரர்கள் ஆன்சியை இரண்டு பேராக மறித்தார்கள். வழி இல்லாமல் ஆன்சி பந்தை வெளியே கொடுத்தாள். வாங்கியவள் அடுத்தவளிடம் கொடுத்தாள். அவள் இன்னொருத்தியிடம்.

"ஆறு! அஞ்சு! நாலு!"

வெளியே உட்கார்ந்திருந்த இசக்கிதான் கத்தினாள். உள்ளே இருந்தவர்கள் யாரிடம் கொடுப்பது என்று தேடினார்கள். மணி அடித்துவிட்டது.

அடுத்த முறையும் அப்படியே ஆனது. அதற்கடுத்த முறை பந்து மறுபடி ஆன்சியிடமே வந்து நின்றது. இரண்டு பேர் கைக்கு மேலே அவள் எறிந்த பந்து வளையத்தைத் தொடக்கூட இல்லை.

"மேடம், இசக்கியை இறக்கட்டுமா?"

"உங்க ஆட்டம் சார்."

கடைசிக் கால் பகுதியில் குணபாலன் இசக்கியை அனுப்பினார். கடிகாரம் முடியப் போகும்போதெல்லாம் பந்து அவளைத் தேடி வந்தது. சிலதைப் போட்டாள், அதைவிடக் கூடுதலாகத் தவறவிட்டாள். ஆனாலும் மணி அடிக்க விடவில்லை. ஆறு புள்ளியில் தோற்றார்கள்.

முகம் கழுவிவிட்டு ஆன்சி குணபாலனிடம் வந்தாள்.

"சார், இன்னைக்கு என் நம்பர் கீழ போயிருக்குமே?"

"ஆமாம்மா."

"முடியாதுன்னு தெரிஞ்சா இசக்கியக்கா கிட்ட தள்ளிவிட்டுருவேன் சார். எல்லாரும் அப்படித்தான். இன்னைக்கு அக்கா இல்ல."

அவள் அதைக் குற்றமாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிறு முழுக்கக் குணபாலன் பழைய ஆட்டங்களை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார். ஒவ்வொரு பந்துக்கும், எறியும்போது கடிகாரத்தில் எவ்வளவு மீதி இருந்தது என்று குறித்தார். வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை.

திங்கட்கிழமை மைதானத்துக்கு வந்ததும் முதலில் இசக்கியைத் தேடிப் போனார்.

"உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்மா."

"பரவால்ல சார். நானும் நிறைய விடத்தான் செய்யிறேன்."

பிறகு லில்லியிடம் வந்தார்.

"இருபத்து நாலுல கடைசி அஞ்சு செகண்டை மட்டும் தனியாப் பிரிச்சேன் மேடம். அந்த நேரத்துல மத்த பிள்ளைங்க எல்லாரையும் சேர்த்தாலும் நூறு பந்துக்கு நாப்பதைத் தாண்டல. இசக்கிக்கு மட்டும் அறுபத்தெட்டு."

"நாப்பதுதானா?"

"உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

"வித்தியாசம் இருக்கும்னு தெரியும். இவ்வளவு இருக்கும்னு தெரியாது. நல்லாப் பண்ணியிருக்கீங்க."

குணபாலனுக்கு முகம் மலர்ந்தது.

"ஆன்சியோட நூத்திப் பதினெட்டுல பாதி இவளால வந்ததுதான் மேடம். மோசமான பந்தெல்லாம் இவ கணக்குல போயிருது. அப்ப இசக்கி பேரையே வங்கிக்கு அனுப்பிரலாம். நெருக்கடி நேரத்துக்குன்னே உள்ள ஆளுன்னு கூடவே எழுதிடறேன்."

லில்லி மைதானத்தைப் பார்த்தார். பெண்கள் பயிற்சியைத் தொடங்கியிருந்தார்கள். இசக்கி எப்போதும் நிற்கிற ஓரத்தில், கோட்டை ஒட்டி நின்றிருந்தாள்.

"நேரம் நிறைய இருக்கும்போது அவளுக்குப் பந்து போன கணக்கு இருக்கா?"

குணபாலன் தேடினார். மேலே போய், கீழே வந்து, மறுபடி மேலே போனார்.

"இருக்கு மேடம். பதினொண்ணு."

"ஒரு ஆட்டத்துலயா?"

"இந்த சீசன் முழுக்க."

"அதுல எப்படி ஆடியிருக்கா?"

"பதினொண்ணை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது மேடம். நல்லவளா, சுமாரான்னு கூடச் சொல்ல முடியாது."

"எத்தனை வருசமா நம்ம அணியில ஆடுறா மேடம்?" என்று குணபாலனே கேட்டார்.

"அஞ்சு வருசம்."

லில்லி எழுந்து கோட்டருகே போனார்.

"பேரு அனுப்ப மாசக் கடைசி வரைக்கும் நேரம் இருக்கு சார்" என்றார். "இன்னையிலிருந்து கடிகாரம் ஓட ஆரம்பிச்சதுமே பந்து முதல்ல அவளுக்குப் போகட்டும். அதுக்கப்புறம் அவ எப்படின்னு எழுதுங்க."