எவர்சில்வர் டப்பாவும் நானூற்றுப் பன்னிரண்டு பேரும்

கோமதிநாயகம் தன் குருவிடம் சந்தேகம் கேட்கப் போனபோது கையில் ஈயம் வைத்துப் பற்றவைக்கிற ஒரு சால்டரிங் அயர்ன் இருந்தது. குரு அவரைவிட இருபத்து மூன்று வயது இளையவர்.

கோமதிநாயகத்துக்கு ஐம்பத்து நான்கு. ஒரு நூல் மில்லில் எலக்ட்ரீஷியன். நாற்பத்தொன்பதாவது வயதில் திடீரென்று கிடார் ஆசை வந்தது. வந்த வாரமே பாளையங்கோட்டையில் டயர் கடை மாடியில் கிடார் சொல்லித்தரும் ஜெசிந்தா டீச்சரிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். ஐந்து வருடத்தில் அவருடைய விரல்கள் பெரிதாக ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. காது மட்டும் நன்றாகத் தேறிவிட்டது. இதை டீச்சர் ஒரே ஒருமுறை சொன்னார். அதைக் கோமதிநாயகம் மில் முழுக்கச் சொல்லிவிட்டார்.

அந்தக் காதை வைத்துக்கொண்டு மூன்று வருடமாக அவர் ஒரு பெட்டி செய்தார். கிடாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே தரையில் வைத்துக் காலால் மிதிக்கிற பெட்டி. பெடல் என்பார்கள். ஒருதரம் மிதித்தால் சிவப்பு லைட் எரியும், கிடார் சத்தம் பெட்டிக்குள் புகுந்து முரடாகிக் கரகரத்து வெளியே வரும். இன்னொருதரம் மிதித்தால் லைட் அணையும், சத்தம் பெட்டிக்குள் நுழையாமல் நேராகப் போய்விடும். இவ்வளவுதான் சங்கதி. இதை அவர் ஒரு எவர்சில்வர் டிபன் டப்பாவுக்குள் அடக்கியிருந்தார்.

ஏப்ரல் மாதம் அதை வாசித்துக்காட்டி ஒரு வீடியோ எடுத்து, கிடார்க்காரர்கள் கூடும் ஒரு இணையக் குழுவில் போட்டார். அன்றோடு அவருடைய நிம்மதி போயிற்று.

டீச்சரின் அறையில் வேலை செய்வது ஒரே ஒரு பிளக் பாயிண்ட். மற்றொன்றைச் சரிசெய்து தருவதாகக் கோமதிநாயகம் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அன்று அவர் உள்ளே வந்ததும் ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சால்டரிங் அயர்னைச் செருகினார்.

"என்ன அண்ணாச்சி, ஆம்பைப் பிடுங்கிட்டிய?" என்றார் டீச்சர். கிடாருக்குப் புதுக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"அஞ்சு நிமிசம் டீச்சர். அயர்ன் சூடாகட்டும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா இந்த டிரான்சிஸ்டரை எடுத்துருவேன்."

"எதுக்கு எடுக்கணும்?"

"எடுக்கச் சொல்லுதாங்க."

"யாரு?"

"பாதிப் பேரு."

"மீதிப் பேரு?"

"எடுத்தா நீ மனுசனே இல்லங்காங்க."

கோமதிநாயகம் டப்பாவைத் திறந்து காட்டினார். நடுவில் பட்டாணி அளவுக்கு ஒரு டிரான்சிஸ்டர். பழைய இரும்புக் கடையில் கிடந்த ரேடியோவிலிருந்து எடுத்தது. அதன் மூன்று கால்களில் ஒன்று முக்கால்வாசி ஒடிந்து, தலைமுடிபோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவை சூடு பட்டா கால் விட்டுரும் டீச்சர். விட்டா அவ்வளவுதான். இது மாதிரி இன்னொண்ணு எங்க தேடியும் கிடைக்கல. எடுத்தா எடுத்ததுதான். அதான் உங்ககிட்ட கேட்டுட்டு எடுக்கலாம்னு வந்தேன்."

"பெட்டியில மத்ததெல்லாம் அப்படியேதான இருக்கு?"

கோமதிநாயகம் கொஞ்சம் நெளிந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு இருமல் மருந்து பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதற்குள் சின்னச் சின்ன பாகங்கள் கிடந்தன.

"பதினோரு சாமான் மாத்திட்டேன். பழசு இதுல இருக்கு. இது ஒண்ணுதான் பாக்கி."

"யாரு மாத்தச் சொன்னா?"

"அதுல எழுதுதாங்கல்லா. ஒருத்தன், சத்தம் கீச்சுனு காதைக் குத்துதுன்னான். சரின்னு கெப்பாசிட்டரை மாத்தினேன். மறுநாளே இன்னொருத்தன், சத்தம் போர்வைக்குள்ள இருந்து வாற மாதிரி மந்தமா இருக்குன்னான். மறுபடியும் மாத்தினேன்."

"மாத்தினப்புறம் புது வீடியோ போட்டியளா?"

"இல்ல. அதே வீடியோதான்."

"அப்போ மந்தமா இருக்குன்னவனும் பழைய வீடியோவைப் பாத்துத்தான் சொன்னான்."

கோமதிநாயகம் சற்று யோசித்தார். "ஆமா," என்றார். பிறகு, "இருந்தாலும் அவன் விவரம் தெரிஞ்சவன் டீச்சர். இருவது வருசமா வாசிக்கானாம்," என்றார்.

கீழே டயர் கடையில் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியது. மே மாத வெயில். ஃபேன் சுற்றியும் அறையில் ஒன்றும் ஆறவில்லை. கோமதிநாயகம் போனை எடுத்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. அவருக்கு அதில் பாதி மனப்பாடம். ஒருவன் தெய்வமே என்று கும்பிட்டிருந்தான். ஒருவன் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் இருக்கிறது என்று எழுதியிருந்தான். டப்பாவில் சாம்பார் மிச்சமிருக்கிறதா என்று கேட்டவனுக்கு மட்டும் அறுபது பேர் சிரித்திருந்தார்கள். இது வேறொருவர் செய்ததைப் பார்த்து அடித்த காப்பி என்றான் ஒருவன். இப்படி ஒன்றை உலகத்தில் யாருமே செய்ததில்லை, செய்யவும் கூடாது என்றான் இன்னொருவன். இரண்டு பேர் பேட்டரியைப் பற்றி மூன்று நாள் சண்டை போட்டு, கடைசியில் எந்த ஊர் பரோட்டா நல்லது என்பதில் போய் நின்றிருந்தார்கள். அந்தச் சண்டையையும் கோமதிநாயகம் முழுசாகப் படித்திருந்தார், அதிலும் தனக்கு ஏதாவது இருக்கும் என்று.

"இதை விடுங்க, இன்னொருத்தன் கேலி பண்ணுதான் பாருங்க. லைட் எரியலையே அண்ணேன்னு எழுதியிருக்கான். முதல்ல கோவம் வந்துச்சு. அப்புறம், சரி, மங்கலா இருக்கு போலன்னு நினைச்சு அந்த லைட்டையும் மாத்திப் பெருசாப் போட்டேன்."

டீச்சர் கம்பியை முறுக்குவதை நிறுத்தி அவரைப் பார்த்தார்.

"அவன் வேற ஏதும் எழுதினானா?"

"இல்ல. அது ஒண்ணுதான். அதுக்கு யாரும் பதிலும் போடல." கோமதிநாயகம் அதைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போனார். அவர் முகம் இளகியது. "இதைக் கேளுங்க. பிரேசில்காரன். போன்ல போட்டுத் தமிழாக்கிப் பாத்தேன். இந்தச் சத்தத்தைக் கேட்டதும் செத்துப்போன எங்க அண்ணன் ஞாபகம் வந்து அழுதுட்டேன்னு எழுதியிருக்கான்."

அதைப் படம் பிடித்துப் போனின் முகப்பிலேயே வைத்திருந்தார். முன்பு அந்த இடத்தில் அவருடைய மகள் கல்யாணப் படம் இருந்தது.

"சரி. இப்போ உங்க சந்தேகம் என்ன அண்ணாச்சி?"

"இந்தப் பெட்டி நல்லாருக்கா, இல்லையா?" கோமதிநாயகம் டப்பாவை அவர் பக்கம் தள்ளினார். "ஒரே வீடியோ. ஒருத்தன் தேனுங்கான், ஒருத்தன் தகரங்கான். ரெண்டு பேருமே விவரமானவன். நான் யாரை நம்ப? மூணு வருசம் டீச்சர். மோட்டார் ரிப்பேர்னா ஓடும், இல்ல ஓடாது. இது என்ன எழவுன்னே பிடிபடல. இப்ப வீட்ல பருப்புல உப்பு இருக்கான்னு கேட்டாக்கூட எனக்குச் சொல்லத் தெரியல. நீங்க நல்லால்லன்னு சொன்னா இதைப் பிரிச்சுப் போட்டுட்டு நிம்மதியா இருப்பேன்."

பாவம், நிஜமாகவே அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

டீச்சர் கிடாரைக் கீழே வைத்தார். இதற்கு முன்பு மூன்று முறை கோமதிநாயகம் அந்தப் பெட்டியை அறைக்குக் கொண்டுவந்திருக்கிறார். மூன்று முறையும் பெட்டியைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு, போனைத்தான் காட்டினார்.

"பெட்டி முதல்ல சரியா பேசுன அன்னைக்கு என்ன செஞ்சிய?"

"அன்னைக்கா?" கோமதிநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஃபேனை நிப்பாட்டினேன். ஃபேன் சத்தம்கூட நடுவுல வரக்கூடாதுன்னு தோணுச்சு. ஒரே ஒரு கம்பியைத்தான் தட்டினேன். நின்னுச்சு பாருங்க டீச்சர், அப்படி ஒரு சத்தம். தட்டுனேன், தட்டுனேன், அதையே தட்டிக்கிட்டே இருந்தேன். வேர்த்து ஊத்துது, தெரியல. எங்க வீட்ல வந்து கரண்ட் போயிட்டான்னு கேக்கா."

"அப்புறம்?"

"அப்புறம் போனைத் தேடினேன்."

டீச்சர் கையை நீட்டினார். "வீடியோவைப் போடுங்க. சத்தத்தை முழுசாக் குறைச்சிருங்க."

"சத்தமில்லாமலா? இது சத்தத்துக்குப் போட்ட வீடியோல்லா?"

"குறைங்க."

சத்தமில்லாமல் வீடியோ ஓடியது. திரையில் கோமதிநாயகம் இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். டப்பாவைக் கையில் எடுத்தார். மூடியைத் தட்டிக்காட்டினார். ஏதோ சொல்லிக்கொண்டே சுவிட்சை விரலால் அழுத்திக்காட்டினார். சிவப்பு லைட் எரிந்தது. டப்பாவைப் பத்திரமாகத் தரையில் வைத்தார். கிடாரை மடியில் எடுத்துக்கொண்டார். கேமராவைப் பார்த்துச் சிரித்தார். காலால் சுவிட்சை மிதித்தார்.

சிவப்பு லைட் அணைந்தது.

அதன்பிறகு நாலு நிமிடம் அவர் தலையை ஆட்டி ஆட்டி வாசித்தார். நாலு நிமிடமும் லைட் எரியவில்லை.

கோமதிநாயகம் வீடியோவைப் பின்னுக்குத் தள்ளி மறுபடி பார்த்தார். மூன்றாவது முறையும் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அந்தக் கால் வந்து மிதித்தது, லைட் அணைந்தது.

"அணைச்சுட்டேன்," என்றார்.

"ஆமா."

"கையால போட்டதை மறந்துட்டுக் காலால அணைச்சுட்டேன்."

"வாசிக்கும்போது தெரியலியா?"

"போன் ரெக்கார்டு ஆகுதான்னே பாத்துக்கிட்டிருந்தேன் டீச்சர். ஆம்பை வேற முழுசாத் திருகி வச்சிருந்தேன். அதுவே கரகரன்னுச்சு."

"அப்புறம் ஒருநாளும் போட்டுக் கேக்கலியா?"

"அப்புறம் கமெண்ட் வர ஆரம்பிச்சுட்டுல்லா."

கம்ப்ரஸர் நின்றது. கோமதிநாயகத்துக்கு விஷயம் மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. இறங்கியதும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"அப்போ அந்தத் தகர டப்பாக்காரன் என் பெட்டியைச் சொல்லலை! கீச்சுன்னவன், மந்தமுன்னவன், காப்பின்னவன் ஒருத்தனும் என் பெட்டியைக் கேக்கவே இல்ல! இருவது வருசமா வாசிக்கானாம். லைட் எரியுதான்னு பாக்கத் தெரியல!"

சிரித்துக்கொண்டே போனைப் பார்த்தார். முகப்பில் பிரேசில்காரன் எழுதியது இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"டீச்சர், அப்போ இவன் அழுதது?"

"அழுதது நெசந்தான் அண்ணாச்சி. பெட்டிக்காக இல்ல."

"அந்தத் தெய்வமேன்னு கும்பிட்டவன்?"

டீச்சர் கிடாரை மறுபடி எடுத்துப் புதுக் கம்பியை முறுக்கத் தொடங்கினார்.

கோமதிநாயகம் எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தார். திட்டு எல்லாம் கழிந்தது சந்தோஷம்தான். ஆனால் பாராட்டும் அதே கணக்கில் கழிந்துபோனது. இப்போது அவர் கையில் ஒன்றுமில்லை. முன்பாவது இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்தார்கள், இப்போது நடுவில் தனியாக நின்றார். எதற்குத் துக்கப்படுவது என்றே அவருக்குப் புரியவில்லை.

"உண்மையை எழுதிப் போட்டுரட்டுமா டீச்சர்? பெட்டி அணைஞ்சு கெடந்துச்சு, மன்னிச்சுக்கோங்கன்னு?"

"போடுங்க."

"சரியா ஒரு வீடியோ எடுத்தும் போடட்டுமா?"

"போடுங்க. அதுக்கும் நானூறு பேரு வருவாங்க."

"வந்து?"

"சொல்லுவாங்க."

"சொன்னா நான் மறுபடியும்…" கோமதிநாயகம் பாதியில் நிறுத்தினார். மேஜைமேல் இருந்த இருமல் மருந்து பாட்டிலைப் பார்த்தார். பதினோரு சாமான். பெட்டியைக் கேட்காதவர்கள் சொல்லி, பெட்டிக்குள்ளிருந்து பிடுங்கிப் போட்டவை. பன்னிரண்டாவதைப் பிடுங்கத்தான் இவ்வளவு தூரம் வெயிலில் பைக் ஓட்டி வந்திருந்தார்.

அயர்ன் நன்றாகச் சூடேறி, மேஜையின் பிளைவுட் லேசாகக் கருகும் வாசனை வந்தது. இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

"டீச்சர்," என்றார் கோமதிநாயகம். சின்னப் பிள்ளை கேட்பதுபோல் இருந்தது. "நானூத்திப் பன்னெண்டு பேரு பேசிட்டாங்க. இந்தப் பெட்டியோட சத்தம் எப்படி இருக்கும்னு தெரிஞ்ச ஆளு இந்த உலகத்துல ஒருத்தர்கூட இல்லையா?"

டீச்சர் புதுக் கம்பியைச் சுருதி பார்த்துவிட்டுக் கிடாரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஒருத்தர் இருந்தாரு அண்ணாச்சி. ஃபேனை நிப்பாட்டிட்டுக் கேட்டவரு. அவரும் கமெண்ட் படிக்கப் போயிட்டாரு."

கோமதிநாயகம் கையை நீட்டி அயர்னின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைச் செருகினார். டப்பாவை மூடிக் காலடியில் வைத்தார். எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார்.