அவுட்டர்

சீடருக்கு வயது அறுபத்து மூன்று. குருவுக்கு நாற்பத்தொன்று. முதல் வருஷம் இது சீடருக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. குதிரை ஒரு தடவை கீழே தள்ளிவிட்டதும் சரியாகிவிட்டது.

சீடர் பெயர் தனிஸ்லாஸ். திண்டுக்கல்லில் சரக்கு ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். குரு ரஹீமா. கொடைக்கானலைத் தாண்டி மேல்மலையில் பதினான்கு குதிரைகளை வைத்துக்கொண்டு, விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு ஏறவும் இறங்கவும் அடிபடாமல் விழவும் கற்றுக்கொடுக்கிறார். ஐந்து நாள் முகாம். காலையில் கிளம்பிப் புல்வெளியும் சோலையும் சுற்றிவிட்டுச் சாயங்காலம் திரும்புவார்கள். வருகிறவர்கள் எல்லோரும் அவரை டீச்சர் என்று கூப்பிடுவார்கள்.

தனிஸ்லாஸ் பதினோரு ஏப்ரல் மாதங்கள் மனைவி சௌந்தரியோடு வந்தார். பன்னிரண்டாவது ஏப்ரலில் தனியாக வந்தார்.

வத்தலக்குண்டு தாண்டி பஸ் மலை ஏறியபோது பக்கத்து சீட்டில் யாரோ ஒருவர் தூங்கிக்கொண்டு வந்தார். அந்த சீட்டில்தான் சௌந்தரி எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே ஒவ்வொரு வளைவையும் எண்ணுவாள். பாதியில் எண்ணிக்கை தப்பிவிடும். "முதல்லேர்ந்து போகச் சொல்லுங்க" என்பாள்.

முதல் நாள் குதிரைக் கொட்டடியில் கேட்டார்.

"டீச்சர், சௌந்தரி எதுக்கு இங்க வந்தா?"

"இந்தக் கேரட்டக் கொஞ்சம் கழுவித் தாங்க சார்" என்றார் ரஹீமா.

கழுவிக் கொடுத்தார். பதில் வரவில்லை.

இரண்டாம் நாளும் கேட்டார். அன்றைக்குக் கொள்ளு வேகவைக்கும் வேலை கிடைத்தது.

மூன்றாம் நாள், கேள்வியைப் பிடித்துக்கொண்டு நகராமல் நின்றார்.

"எம் மகன் சொல்றான் டீச்சர். டாக்டர் வேணாம்னு சொல்லியும் போன வருஷம் அம்மாவ அந்தக் குளிருக்கு இழுத்துட்டுப் போனீங்க, உங்க குதிரை ஆசைக்கு அம்மா பலியாயிட்டாங்கன்னு. அடுத்த மாசம் அவங்கூட ஓசூர் போறேன். இனிமே இங்க வர முடியாது. அதுக்குள்ள எனக்குத் தெரியணும். அவளுக்குக் குதிரை ஓட்டவும் வராது, வேகமாப் போகவும் பிடிக்காது. எனக்காகத்தான் பல்லக் கடிச்சுக்கிட்டு வந்தாளா?"

ரஹீமா கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார்.

"உங்களுக்கு எல்லாத்துக்கும் ஒடனே பதில் வரணும் சார். அவங்களுக்கு அப்படி இல்ல."

அவ்வளவுதான் சொன்னார்.

தனிஸ்லாஸ் சொன்னதில் தப்பில்லை. சௌந்தரி எப்போதும் கடைசியாகத்தான் வருவாள். அவர் சுல்தான் என்ற குதிரையில் முதல் ஆளாய் முகாம் வாசலுக்கு வந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, "நாலு நிமிஷம் பிஃபோர்" என்று அறிவிப்பார். டீ குடித்து முடித்து, இரண்டாவது டீயும் முடிகிற நேரத்தில்தான் பவளம் என்ற பழுப்பு நிறப் பெண் குதிரையோடு சௌந்தரி வந்து சேருவாள்.

"இருபத்தஞ்சு நிமிஷம் லேட்டு" என்பார்.

"அவுட்டர்ல நிறுத்திட்டாங்க" என்பாள்.

ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், சிக்னல் விழாமல் ரயில் நிற்குமே, அந்த அவுட்டர். ரயில்காரன் பெண்டாட்டி அப்படித்தான் பேசுவாள் என்று அவரும் சிரித்துவிட்டு விடுவார். பதினோரு வருஷமும் அதே பதில். பதினோரு வருஷமும் அதே சிரிப்பு.

ஏப்ரல் நெருங்கினால் லீவு எழுதிக்கொடுக்கச் சொல்லி ஞாபகப்படுத்துவதும் அவள்தான். பையை எடுத்து வைப்பதும் அவள்தான். தன் ஆசைக்கு அவள் துணை நிற்கிறாள் என்று தனிஸ்லாஸ் எடுத்துக்கொண்டார். ஆண்பிள்ளைகள் பல பேருக்கு இந்த வியாதி உண்டு.

ஐந்தாம் நாள் காலை வழக்கம்போல் சுல்தான் பக்கத்தில் போய் நின்றார். ரஹீமா தடுத்தார்.

"இன்னைக்கு நீங்க பவளத்துல ஏறுங்க சார்."

நான்கு நாளாகப் பவளம் நின்ற பக்கம்கூட அவர் போகவில்லை. அதன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"வேணாம் டீச்சர்."

"கேள்வி கேட்டீங்கல்ல? ஏறுங்க. இந்த ரெண்டு கேரட்டப் பாக்கெட்ல போட்டுக்கங்க."

"எதுக்கு?"

"போட்டுக்கங்க சார்."

சாயங்காலம் திரும்பும்போது மற்றவர்கள் எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள். சுல்தான்மேல் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் பறந்துகொண்டிருந்தார். பவளம் அதன் போக்கில் நடந்தது. கடைசியாக ரஹீமா வந்தார். கடைசிக் குதிரையில் வருவதுதான் எப்போதும் அவருடைய வழக்கம்.

பாதை கீழே இறங்கத் தொடங்கும் இடத்தில் ஒரு பாறை இருந்தது. அங்கே வந்ததும் பவளம் நின்றுவிட்டது.

தனிஸ்லாஸ் குதிகாலால் தட்டினார். நாக்கைச் சொடுக்கினார். "லைன் கிளியர்தான், போம்மா" என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். அது கழுத்தைத் திருப்பி அவருடைய சட்டைப் பையை மோந்தது.

"என்ன டீச்சர், மக்கர் பண்ணுது?"

"எறங்குங்க சார்."

"கேம்ப்புக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் இருக்கே."

"அதான் எறங்கச் சொல்றேன்."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பவளம் கேரட்டுக்காகக் காத்திருந்து, கையைக் கடிக்காமல் வாங்கிக்கொண்டது. ரஹீமாவும் இறங்கிவந்து, பவளத்தின் வயிற்றைச் சுற்றியிருந்த வாரை இரண்டு துளை தளர்த்தினார். குதிரை ஒரு நீண்ட மூச்சு விட்டது. நாளெல்லாம் அடக்கிவைத்த மூச்சு போலிருந்தது.

"இந்தப் பாறைக்குப் பேரு தெரியுமா சார்?"

"பாறைக்கு எதுக்குப் பேரு?"

"அவுட்டர்."

தனிஸ்லாஸ் பாறையைத் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா வச்ச பேரு. மொத வருஷம் மூணாம் நாளு இங்க எறங்கிட்டாங்க. நாள் பூராச் சொமந்துச்சே, கடைசி ஒரு கிலோமீட்டராவது அது வெறும் ஒடம்போட நடக்கட்டும்னாங்க. அப்பலேர்ந்து ஒவ்வொரு வருஷமும் இங்க ஒரு கேரட்டு, பட்டைய லூசு பண்றது, நடக்கிறது. அவங்களப் பாத்து நானும் எறங்க ஆரம்பிச்சேன். இப்ப பவளத்துல யாரு ஏறினாலும் இங்க எறங்காம இது நகராது."

"நடக்கும்போது என்ன செய்வா?"

"பேசுவாங்க."

"யார்கிட்ட?"

"இதுகிட்டதான். எங்கிட்டயும் கொஞ்சம்."

"என்னையத் திட்டுவாளா?"

"அதுவும் உண்டு சார்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் நிறைந்துவிட்டது. துடைக்க முயலவில்லை.

மூவரும் நடந்தார்கள், குதிரையைச் சேர்த்து. பவளத்தின் மூச்சுச் சூடு அவருடைய தோளில் பட்டது. புல் நசுங்கும் சத்தம் கேட்டது. இந்தப் பாதையில் இவ்வளவு சத்தங்கள் இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

"போன வருஷம்?" என்று கேட்டார்.

"போன வருஷம் அவங்களால நடக்க முடியல. ஏறியே வாங்கக்கா, கேம்ப் வரைக்கும் நான் புடிச்சுக்கறேன்னேன். கேக்கல. எந்தோளப் புடிச்சுக்கிட்டு எறங்கிட்டாங்க. வீட்ல படுத்திருந்தா எனக்கு இது கெடைக்குமான்னாங்க. நின்னு நின்னு வந்தோம்."

"நாப்பது நிமிஷம் லேட்டு" என்றார் தனிஸ்லாஸ். "வாசல்ல வச்சுச் சத்தம் போட்டேன்."

"ஆமா சார்."

"அன்னைக்கும் அவுட்டர்னுதான் சொன்னா."

ரஹீமா நின்றார். கையை நீட்டிக் காட்டினார். பாதை முழுவதும் கீழே வளைந்து வளைந்து கிடந்தது. முகாம் வாசல், டீ மேஜை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் தெரிந்தன. சுல்தான் வாசலுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. மேலே இருந்த கோயம்புத்தூர்க்காரர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இங்கேர்ந்து பாத்தா நீங்க போய்ச் சேர்ற வரைக்கும் தெரியும் சார். நீங்க வாட்சைப் பாக்கிறதுகூடத் தெரியும். அது வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் நடப்பாங்க."

முப்பது வருஷம் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எட்டிப் பின்னால் பார்த்து, கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு காட்டும் பச்சைக் கொடியைக் கண்ட பிறகுதான் தனிஸ்லாஸ் வண்டியை எடுத்திருக்கிறார். குதிரைமேல் ஏறினால் மட்டும் அந்தப் பழக்கம் எங்கே போனதோ.

இரண்டாவது கேரட்டை எடுத்துப் பவளத்துக்குக் கொடுத்தார். அது தின்று முடிக்கும்வரை அதன் நெற்றியில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார். குரலில் கோபம்போல ஏதோ இருந்தது, ஆனால் கோபம் இல்லை.

"பதினோரு வருஷம் டீச்சர். ஒரு நாளாவது, நீங்களும் எறங்கி வாங்கன்னு என்னைய ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம்ல?"

ரஹீமா பவளத்தின் கயிற்றை அவர் கையில் கொடுத்தார்.

"கூப்பிடாமலா சார், வருஷா வருஷம் உங்களக் கூட்டிட்டு வந்தாங்க?"