முழ விராலின் எடை

முன்னொரு காலத்தில், தராசைவிட முழக்கோலை நம்பிய ராஜா ஒருவன் இருந்தான். ஏரி மீன் விற்பவர்கள் ஊரை ஏமாற்றுகிறார்கள் என்று மந்திரி மழவராயர் ராஜாவின் காதில் ஓதிவிட, அவனுக்குக் கிறுக்குப் பிடித்தது. அரண்மனைக் குளத்தில் கோழிக்குடல் தின்று கொழுத்த விரால் ஒன்றைப் பிடித்து அளந்தார்கள். நீளம் ஒரு முழம், எடை ஒரு வீசை. அவ்வளவுதான், சட்டம் பிறந்துவிட்டது! முழ நீள விரால் எதுவானாலும் வீசை எடை இருக்கவேண்டும். குறைந்தால் மீன்காரன் அதன் சதையைத் திருடிவிட்டான் என்று பொருள். அவன் வலக்கையை வெட்டவேண்டும். முழு மீனுக்குள்ளிருந்து சதையை எப்படி ஐயா திருடுவான் என்று கேட்க அந்தச் சபையில் ஒருவனுக்கும் வாய் இல்லை.

கோடையில் ஏரி வற்றியது. செம்படவன் பூவாண்டி கொண்டுவந்த விரால் நீளத்தில் முழம்தான். எடையோ அரை வீசை. முட்டை போட்டு இளைத்த மீன், தீனியும் கிடைக்கவில்லை, வேறெப்படி இருக்கும்? காவலர்கள் அவனைச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

சபையைச் சிரிக்கவைக்கும் விகடன் வேம்பன்மீது மழவராயருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். சமயம் வாய்த்தது என்று எழுந்தார்.

"பிரபு, இந்த வழக்கை வேம்பரே தீர்க்கட்டும்."

சட்டம் சரி என்றால் ஏழையின் கை போகும். தவறு என்றால் ராஜ நிந்தனை. வேம்பனின் தலை போகும்.

"சாமி, வலை வீசுற கை சாமி," என்று அழுதான் பூவாண்டி.

வேம்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு மழவராயரைப் பார்த்தான்.

"சட்டம் மெத்தச் சரி, பிரபு! ஒரே நீளத்துக்கு ஒரே எடைதான். மீனுக்கு உள்ள நியாயம் மனிதருக்கும் வேண்டுமல்லவா? முழக்கோல் வரட்டும்."

அளந்தார்கள். செம்படவனும் மந்திரியும் ஒரே உயரம். துலாபாரத் தராசைக் கொண்டுவந்து இருவரையும் ஏற்றினார்கள். மந்திரியின் தட்டு தரையில் மோதியது. பூவாண்டி விலா எலும்பு தெரிய அந்தரத்தில் தொங்கினான்.

"பிரபு, இவன் சதையை யாரோ திருடியிருக்கிறார்கள். திருட்டுப் பொருள் கீழ்த்தட்டில் இருக்கிறது. யார் கையை வெட்டுவது என்று தாங்களே உத்தரவிடவேண்டும்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். சபையும் சேர்ந்து சிரித்தது. சட்டம் ரத்தானது. பூவாண்டிக்கு விடுதலை. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி வேம்பன் கழுத்தில் போட்டான். மழவராயர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

வேம்பன் ஓடிப்போய்ப் பூவாண்டியைக் கைகொடுத்து இறக்கினான்.

"கையக் காப்பாத்திட்டீங்க சாமி, கும்புடுறேன்," என்றான் பூவாண்டி மெதுவாக. "ஆனா, என் எலும்பத் தூக்கிக் காட்டித்தானே அவங்கள சிரிக்க வச்சீங்க?"

வேம்பனுக்குக் கழுத்து மாலை உறுத்தியது, வெட்கமாயிருந்தது.

ராஜா சிரித்துச் சிரித்து நீர் வழிந்த கண்களைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"அந்தச் செம்படவனை இன்னொரு தரம் தராசில் ஏற்றுங்கள். மகாராணியும் வந்து பார்க்கட்டும்."