கயித்துக்கு அந்தாண்ட

"மூணு வருஷமா கயிறு வரைக்கும்தான் போறேனுங்க டீச்சர். அதைத் தாண்ட ஒரு வழி சொல்லுங்க."

கேட்டவர் மாதேஸ்வரன். சேலத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறார். ஐம்பதைத் தாண்டியாச்சு. தொப்பை கொஞ்சம், ஆசை நிறைய.

டீச்சர் என்றால் கோகிலவாணி. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். அவரைவிட இருபது வயது சின்னவர். ஒரு காலத்தில் மலைச் சைக்கிள் பந்தயத்தில் டீச்சர் இறங்கினால், மற்றவர்கள் இரண்டாம் இடத்துக்குத்தான் அடித்துக்கொள்வார்கள்.

கயிறு என்பது என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

ஏற்காட்டு மலையில் கோடையில் ஒரு நாள் அந்தப் பந்தயம். விடியலில் கிளம்ப வேண்டும். காடு, பாறை, சேறு எல்லாம் மிதித்துக் கடந்து, மத்தியானம் இரண்டு மணிக்குள் கடைசி ஏத்தத்தின் அடிக்கு வந்து சேர வேண்டும். இரண்டு அடித்தால் பாதைக்குக் குறுக்கே கயிறு கட்டிவிடுவார்கள். பிந்தி வந்தவர்களை ஜீப்பில் ஏற்றிக் கீழே அனுப்பிவிடுவார்கள்.

கயிற்றுக்கு அப்பால் ஒரு காப்பித் தோட்டம். பந்தயத்தன்று மட்டும்தான் அதற்குள் விடுவார்கள்.

மாதேஸ்வரன் மூன்று வருஷமும் ஜீப்பில்தான் இறங்கினார்.

வீட்டில் அவருக்குப் பாதிக்கிணறு என்று பெயர். மச்சான் வைத்தது. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டார். வயலினும் அப்படியே. மொட்டை மாடியில் எழுப்பிய அறை இன்னும் கூரையில்லாமல் நிற்கிறது. சும்மா சொல்லக் கூடாது, தொடங்குவதில் அவரை அடிச்சுக்க ஆளில்லை.

இதையாவது முடித்துக் காட்ட வேண்டும் என்று வெறி. மெடலை மாட்டுவதற்கு முன்னறைச் சுவரில் முன்கூட்டியே ஆணி அடித்துவிட்டார். ஆணி சும்மாதானே இருக்கிறது என்று அவர் மனைவி ஸ்கூட்டர் சாவியை அதில் மாட்டுவார். இவர் அதை எடுத்து டிவி மேல் வைப்பார். மறுநாள் சாவி திரும்ப ஆணிக்கே வந்துவிடும்.

இதையெல்லாம் அவர் கொட்டித் தீர்க்கும் வரை டீச்சர் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"கயித்துக்கு அந்தாண்ட என்னங்கண்ணா இருக்கு?"

"மெடல்."

டீச்சர் சங்கிலியைத் துடைத்தார். நாளைக் காலையில் வரச் சொன்னார்.

ஒரு வருஷம் போனார் மனுஷன். எந்த டயர் போடுவது, மேட்டில் எப்படி மூச்சு விடுவது, வழியில் என்ன தின்பது, எல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் டீச்சர் பொறுமையாகப் பதில் சொன்னார். நடுநடுவே அந்த ஒரு கேள்வியை மட்டும் திரும்பக் கேட்பார்.

"மெடல்தானுங்க," என்பார் இவர். ஒருநாள் மனசைத் திறந்து, "மச்சான் மூஞ்சி," என்றார். டீச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனாலும் சரி என்று சொல்லவில்லை.

பந்தயம் வந்தது.

அந்த வருஷம் கயிறு கட்டும் பொறுப்பை டீச்சருக்குக் கொடுத்திருந்தார்கள். மாதேஸ்வரனுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. நம்ம டீச்சர்தானே.

ஒரு வாரமாகக் கோடை மழை. சேறு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஒரு பள்ளத்தில் விழுந்து முட்டி தேய்ந்தது. எழுந்தார். மறுபடி மிதித்தார். இந்த முறை பாதியில் விடுகிற யோசனையே அவருக்கு வரவில்லை, பாவம்.

கடைசி வளைவு திரும்பியபோது மணி இரண்டு அடித்துவிட்டது. கயிறு கண்ணில் பட்டது. ஒரு முனை கட்டியாகிவிட்டது. மறு முனை டீச்சர் கையில்.

"டீச்சர்!"

டீச்சர் நிமிர்ந்தார். நன்றாகவே பார்த்தார். கை நிற்கவில்லை.

ஜீப் டிரைவர் நாச்சிமுத்துவுக்கே பொறுக்கவில்லை. உங்க ஆளுதானே டீச்சர், வந்துட்டாரே, கொஞ்சம் பொறுங்க என்றார். டீச்சர் முடிச்சை இறுக்கினார்.

மாதேஸ்வரன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆள் பார்க்கிறார்களே என்று கூச்சப்படவில்லை.

"ஒரு வருஷம் உங்க பின்னாடியே வந்தேன். உங்களுக்கு மனசே இல்லீங்களா?"

"இருக்குதுங்கண்ணா."

டீச்சருக்கும் கண் கலங்கியிருந்தது. குனிந்து, அவர் சைக்கிள் முன்னால் கட்டியிருந்த நம்பர் அட்டையை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டார். அதுதான் விதி.

மாதேஸ்வரன் ஜீப் பக்கம் சைக்கிளைத் திருப்பினார். அந்த ஜீப் அவருக்கு அத்துப்படி. மூன்று வருஷமும் நாச்சிமுத்துவிடம் ஆணிக் கதையைச் சொல்லிக்கொண்டேதான் இறங்கியிருக்கிறார்.

"அண்ணா."

திரும்பினார். டீச்சர் ஒரு கையால் கயிற்றைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"போங்க."

"பந்தயம் முடிஞ்சிருச்சுங்களே."

"முடிஞ்சிருச்சு. நான் கேட்டதுக்குத்தான் நீங்க இன்னும் பதில் சொல்லலை."

மாதேஸ்வரன் சைக்கிளை மறுபடி மேட்டுப் பக்கம் திருப்பினார். அப்புறம் தலையைக் குனிந்து, சைக்கிளோடு கயிற்றுக்கு அடியில் நுழைந்து போனார்.

சாயங்காலம் சாமான்களை ஏற்ற ஜீப் மேலே போனது. டீச்சரும் போனார்.

மேலே, பந்தயம் முடிகிற இடத்தில் வைத்திருந்த அலங்கார வளைவைக் கழற்றிவிட்டார்கள். பந்தல்காரர்கள் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் காது வரைக்கும் சேறோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார் மாதேஸ்வரன். பந்தயம் பார்க்க வந்தீங்களா என்று அவர்கள் கேட்டதற்கு, ஆமாம் என்று சொல்லியிருந்தார்.

டீச்சர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"என்னங்கண்ணா இருந்துச்சு?"

"முதல்ல ஒரே மேடு. இறங்கித் தள்ளினேன். அப்புறம் பாதைக்குக் குறுக்கே ஒரு ஓடைங்க. இறங்கினதும் முட்டி எரிச்சல் போயிருச்சு. அதுக்கு மேல..." நிறுத்தினார். "காப்பி பூத்திருக்குது டீச்சர். மலை முழுக்க வெள்ளை. நான் பாட்டுக்கு நின்னுட்டேன். எவ்வளவு நேரம்னு தெரியலீங்க."

டீச்சர் அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கி ஒரு வாய் டீ குடித்தார்.

நாச்சிமுத்துவுக்குத்தான் ஆறவில்லை. பெட்டியைத் திறந்து, மிஞ்சிக் கிடந்த மெடல் ஒன்றை எடுத்து வந்து மாதேஸ்வரன் கையில் வைத்தார். யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை, நீங்களும் மேல வந்துட்டீங்க, அந்த ஆணி பாவமில்லையா என்றார்.

மாதேஸ்வரன் மெடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல கனம். கட்டை விரலால் அதில் ஒட்டிய தன் கைச் சேற்றைத் துடைத்தார். எழுந்து போய்ப் பெட்டியிலேயே போட்டுவிட்டு வந்தார்.

"ஆணி காலியா இல்லீங்க," என்றார். "சாவி தொங்குது."