பறந்துபோகும் பட்டதாரிகள்

நண்டுத்தீவு என்ற குட்டி நாட்டுக்கு ஒரே ஒரு பல்கலைக்கழகம். அதன் துணைவேந்தர் அம்பலவாணர், நூலகத்துப் புத்தகங்களையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு அதை விருந்து மண்டபமாக்கிக்கொண்ட மகானுபாவர்.

பட்டமளிப்பு விழாவுக்கு ராணி வந்தாள். "பட்டம் வாங்குகிற பிள்ளைகள் எல்லாரும் ஏன் வெளிநாட்டுக்குப் பறந்துவிடுகிறார்கள்?" என்று கேட்டாள்.

அம்பலவாணருக்கு வேர்த்தது. பட்டம் வாங்க மேடையில் நின்ற மீன்காரி மகள் சந்தனமேரியைப் பதில் சொல்லச் சொல்லி முன்னே தள்ளினார். "என் பெயரை இழுத்தால் உனக்குப் பட்டம் கிடையாது" என்று அவள் காதில் உறுமினார்.

அவள் நிதானமாகக் கும்பிட்டாள். "நூல் இல்லாத பட்டம் ஊரில் நிற்குமா, மகாராணி?"

அடேயப்பா! ராணியே எழுந்து அவளைப் பார்த்துக் கைகூப்பினாள்.

புத்தகங்கள் திரும்பி வந்தன. அந்த வருஷம் நாட்டைவிட்டுப் பறந்தவர் துணைவேந்தர் ஒருவர்தான்.