உப்பு போட்டாச்சா?

அந்த மடத்துச் சமையலறையில் ஒரு விதி உண்டு. படையல் முடியும்வரை எதையும் யாரும் ருசி பார்க்கக் கூடாது.

அங்கே சமைத்த சீடர்கள் இருவர். தில்லைநாயகம் தலை நரைத்தபின் மடத்துக்கு வந்தவர். அதுவரை ஊர் ஊராகக் கல்யாணச் சமையல். குமரவேள் மீசை அரும்பும் முன்பே தீட்சை வாங்கியவன். மடத்துக் கணக்கில் அவனே மூத்தவன். யார் பெரியவர் என்பதில் இருவருக்குமே சந்தேகம் இல்லை. அவரவர் தான்தான் என்று நினைத்தார்கள். அதனால் பேச்சு குறைவு.

குருபூஜைக்கு முதல் நாள், ஒருவர் போட்டது தெரியாமல் மற்றவரும் சாம்பாரில் உப்பைப் போட்டுவிட்டார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அன்று பந்தியில் உட்கார்ந்தவர்கள் இரண்டு பேரையும் நினைத்தார்கள். பசியோடு வந்தவர்கள் பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்து எழுந்ததைப் பார்த்து தில்லைநாயகத்துக்கு அழுகையே வந்துவிட்டது. துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு குருவிடம் போனார். குமரவேளும் பின்னாலேயே வந்தான்.

"நான் கிளம்பறேன் சாமி," என்றார் தில்லைநாயகம்.

"போடறதுக்கு முன்னாடி அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"எத்தனை பந்திக்குச் சமைச்ச கை இது! சின்னப் பையன்கிட்டப் போய் உப்பு போட்டியான்னு கேக்கறதா?"

குரு குமரவேளைப் பார்த்தார். "நீ?"

"கேட்டா, இதுகூடத் தெரியலையான்னு சிரிப்பார் சாமி."

"குத்தம் விதிமேலதான்," என்றார் தில்லைநாயகம். "ஒரு சொட்டு நாக்குல விட்டுப் பார்த்திருந்தா இப்படி ஆகுமா? அதைத் தளர்த்துங்க, இருக்கேன்."

"நாளைக்குச் சொல்றேன். மூட்டை இங்கேயே இருக்கட்டும்."

மறுநாள் குருபூஜை. சுற்றுப்பட்ட ஊர்களெல்லாம் திரண்டு வந்திருந்தன. அண்டாவில் சாம்பார் கொதித்தது. ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். சூடு கண்ட பூனைகள். உப்புச் சட்டிப் பக்கமே இருவரும் போகவில்லை. படையலுக்கு மணி அடிக்கும் நேரம் நெருங்கிவிட்டது.

குரு உள்ளே வந்தார். சட்டியிலிருந்து உப்பை அள்ளினார்.

"குமரவேளு, உப்பு போட்டாச்சா?"

"இல்ல சாமி."

"நீங்க?"

"நானும் போடல சாமி," என்றார் தில்லைநாயகம்.

"எவ்வளவு போடணும்? எனக்குத் தெரியாதே."

"இந்த அண்டாவுக்கு நாலு கை."

"இல்லீங்கய்யா," என்றான் குமரவேள். "நம்ம மடத்து உப்புக்குக் கரிப்பு ஜாஸ்தி. மூணு போதும்."

"அப்படியா? புளி கொஞ்சம் தூக்கலா விட்டிருக்கேனே தம்பி."

"அப்ப மூணரையா போடுவோங்கய்யா."

குரு உப்பைத் தில்லைநாயகத்தின் கையில் கொட்டிவிட்டு வெளியே போனார்.

அன்று பந்தியில் சாம்பாரை மறுபடி மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

மாலையில் தில்லைநாயகம் குருவிடம் வந்தார். மூட்டையை எடுத்து, பழையபடி தன் அறையில் வைக்கத்தான்.

"அந்த விதியைப் பத்தி இன்னைக்குச் சொல்றேன்னீங்களே சாமி?"

"வாயில வைக்கக் கூடாதுங்கறதுதான் விதி," என்றார் குரு. "வாயைத் திறக்கக் கூடாதுன்னு யாரு சொன்னது?"